சந்தா பாக்கியில்லாத சொரிமுத்து

நோயில் விழுந்தவனை உறவினர் மறப்பார்கள், முதலாளி மறப்பார், சில சமயம் டாக்டரும் மறந்துவிடுவார். மறக்காத ஒரே அமைப்பு எங்கள் தாராவித் தோல் தொழிலாளர் ஐக்கிய சங்கம். அதன் இணைச் செயலாளன் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

1964 ஜூனில் எங்கள் உறுப்பினர் சொரிமுத்துவின் வலது கையைத் தோல் உருட்டும் மிஷின் இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்றேன். ஒரு கையில் மோசம்பிப் பழம், மறு கையில் ரசீதுப் புத்தகம்.

"ரெண்டு வெரலு போயிட்டு அண்ணாச்சி," என்றார்.

"வருத்தம்தான். உறுப்பினர் தகுதியும் சேர்ந்து போயிரக் கூடாதுல்லா?"

எங்கள் விதி பதினான்கு தெளிவானது. வேலைக்கு வராத காலத்திலும் சந்தா செலுத்துவது உறுப்பினரின் 'உரிமை'. மூன்று மாதம் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தவறினால் பெயர் நீங்கும். அவர் வழக்கைச் சங்கம் தொடாது.

அவர் மனைவி பேராச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணா கொடுத்தாள். அடுத்த மாதங்களில் அவளே லேபர் கேம்பில் இருந்த சங்க அலுவலகத்துக்கு நடந்து வந்து கட்டினாள். அப்பளம் இட்டு விற்றுக் கட்டினாள். ஆகஸ்டில் மூக்குத்தி போய் ரசீது வந்தது. இத்தகைய கட்டுப்பாட்டைக் கண்டு என் கண் கலங்கியது. ரசீதில் மை கலையாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபரில் கை ஆறி, சொரிமுத்து வேலைக்குப் போனார். பெயரை எடுத்துவிட்டதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அன்று மாலையே கணவனும் மனைவியும் சங்கக் கூட்டத்துக்கு வந்தார்கள். பாயில் முப்பது தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வெங்கடராமன், மாட்டுங்காவாசி, கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க், விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"விதி மூணு என்ன சொல்றது? வேலையில இருக்கறவாதான் உறுப்பினர். இவர் பேரைக் கம்பெனி எடுத்துடுத்து. உறுப்பினர் இல்லாதவர் கேஸைச் சங்கம் எப்படி எடுத்துக்க முடியும்?"

"அப்ப நாலு மாசம் சந்தா வாங்குனியளே?" என்றாள் பேராச்சி.

"அதை நன்கொடைன்னு வரவு வெச்சுக்கலாம். ஆட்சேபணை இல்லை."

தலைவரின் பெருந்தன்மையைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன்.

"ஐயா எந்த மிசின்ல நிக்கிய?" என்று கேட்டாள் அவள்.

"நான் கௌரவத் தலைவர், அம்மா."

"அண்ணாச்சி, நீங்க?"

சங்கப் பணி காரணமாக ஏழு வருஷமாக நான் தோலைத் தொடவில்லை என்று விளக்கினேன்.

"அப்ப நீங்களும் உறுப்பினர் இல்லியே," என்றாள். பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "வேல பாக்கிறவன்தான் சங்கம்னா, அது நீங்கதான. என்ன செய்யப் போறிய?"

சொரிமுத்து விரல் போன கையை மடியில் வைத்துக் குனிந்திருந்தார். பிறகு மிஷின்காரர் பூலோகம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "காலையில கம்பெனி கேட்டுல பாப்போம்," என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கூட்டம் 'இனிதே' முடிந்தது.

மறுநாள் ஏழு மணி ஷிப்டுக்கு ஒருவரும் உள்ளே போகவில்லை. சொரிமுத்துவை நடுவில் நிறுத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். தொட்டியில் ஊறிய தோல் வெயிலேறினால் கெட்டுவிடும். மேனேஜர் பத்து மணி வரை பல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு சொரிமுத்துவுக்குக் கிடங்கில் தோல் எண்ணும் வேலை கொடுத்து, எழுத்திலும் தந்தார். பேராச்சி அந்தத் தாளைப் பூலோகத்திடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம்.

அந்தக் காலைப்பொழுது தலைவரும் நானும் சும்மா இருக்கவில்லை. அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தீர்மானம் தயாரித்தோம். தலைவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். வெற்றிச் செய்தி வந்தபோது அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தின் தாளை வீணாக்குபவனல்ல நான். "இன்றைய வேலைநிறுத்தத்தைச் சங்கம் கண்டிக்கிறது" என்ற வரியில் ஒரே ஒரு சொல்லை அடித்து, "நடத்தியது" என்று எழுதினேன்.