கூலருக்கு மூன்று விலைப்புள்ளி

உலகத்தின் மாபெரும் முடிவுகள் மூன்று இடங்களில் எடுக்கப்படுகின்றன. ஒன்று ஐக்கிய நாடுகள் சபை. இன்னொன்று அமைச்சரவைக் கூட்டம். மூன்றாவது, சிங்கப்பூரின் கிளமெண்டிப் பகுதியில் பன்னிரண்டாம் மாடியில் உள்ள திரு. பேரின்பநாயகத்தின் சாப்பாட்டு மேசை. முதல் இரண்டு இடங்களிலும் சில சமயம் அவசரப்பட்டுவிடுவார்கள். மூன்றாவது இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பேரின்பநாயகம் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஸ்டேப்ளரைக்கூட மூன்று கடைகளின் விலைப்புள்ளி இல்லாமல் அவர் வாங்கியது கிடையாது. ஒருமுறை அலுவலக மூலையில் தீப்பிடித்தபோது, தீயணைப்புக் கருவி வாங்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது. இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருந்தன. அதற்குள் யாரோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்துவிட்டார்கள். அந்த வாளி எந்த முறைப்படி வாங்கப்பட்டது என்று அவர் பிறகு விசாரித்தார்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மேனுகாவின் கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோனது.

மேனுகா அனிமேஷன் படித்தவள். மூன்று நிமிடப் படம் ஒன்றை எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தாள். அதை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். தவறினால் அடுத்த வருடம்தான். படத்தைக் கோத்து முழுதாக எடுக்கும் கடைசி வேலையைத் தொடங்கினால், பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு கொதித்து எல்லாம் இருண்டுவிடுகிறது.

"கார்டோட ஃபேன் போயிடுச்சுப்பா. பழைய மாடல், அதே ஃபேன் இப்ப கிடைக்காது. வேற கூலர் ஒண்ணு வாங்கி மாட்டணும். அவ்வளவுதான்" என்றாள்.

'அவ்வளவுதான்' என்ற சொல்லைக் கேட்டதும் பேரின்பநாயகத்துக்கு உடம்பு கூசியது. கொள்முதல் உலகின் எல்லாப் பேரழிவுகளும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன என்பது அவர் அனுபவம்.

"நீ கவலைப்படாதே. இதை நான் எடுத்துக்கிறேன்."

மகளுக்கு ஒன்று என்றால் அவர் சும்மா இருக்கமாட்டார். அந்தப் பாசம் அசல். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சும்மா இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை காலை இட்லிக்குப் பிறகு 'வெப்பத் தணிப்புச் சாதனத் தேர்வுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர் பேரின்பநாயகம். உறுப்பினர் அவர் மனைவி புஷ்பராணி. மேனுகாவுக்குப் 'பயனாளர் பிரதிநிதி' என்ற கௌரவம் அளிக்கப்பட்டது. ஓட்டு அளிக்கப்படவில்லை.

"எனக்கு ஏன்பா ஓட்டு இல்ல?"

"நீ பயன்படுத்தப்போறவ. உனக்கு எது வேணும்னு உனக்குத் தெரியும். அது பாரபட்சம்."

இப்படி ஒரு தர்க்கத்தை எதிர்கொள்ளப் பாலிடெக்னிக்கில் சொல்லித்தருவதில்லை. மேனுகா தட்டைக் கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் லிட்டில் இந்தியாவில் அன்வரின் கடைக்குப் போனார்கள். மூன்றாம் மாடியில், நகைக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை அது. அன்வர் கார்டின் எண்ணைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"அங்கிள், இந்தக் கார்டுல ஸ்க்ரூ போடுற துளை ஒரு மாதிரி இருக்கும். இதுக்குப் பொருந்துற கூலர் ரெண்டே ரெண்டு மாடல்தான். ரெண்டும் எங்கிட்ட இருக்கு. ஒண்ணு கொஞ்சம் தடி, ஒண்ணு கொஞ்சம் நீளம். எதைப் போட்டாலும் ஓடும், லா. கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டாங்க, இருபது நிமிஷத்துல மாட்டித் தர்றேன்."

"மூணாவது?"

"மூணாவது இல்ல அங்கிள்."

"இல்லன்னு எழுதித் தர முடியுமா?"

"இல்லாததுக்கு என்னன்னு அங்கிள் எழுதுறது?"

மேனுகா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ப்ளீஸ். அந்தத் தடியானதையே வாங்கிடலாம்பா."

பேரின்பநாயகம் கருணையோடு சிரித்தார். "ரெண்டுல ஒண்ணை எடுத்தா அது ஆசைம்மா. மூணுல ஒண்ணை எடுத்தாத்தான் அது தேர்வு."

அன்வர் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். பொருள் பிடிக்காமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறார், விலை படியாமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறார். பொருள் பிடித்து, விலையும் படிந்து, எண்ணிக்கை போதவில்லை என்று எழுந்து போகிறவரை அன்றுதான் பார்த்தார்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டின்போது புஷ்பராணி வாயைத் திறந்தார்.

"என்னங்க, புள்ளைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு வாங்குனா என்ன குடியா முழுகிடும்?"

"நான் உன்னையே அப்படிப் பார்த்துக் கட்டலையே. மூணு பொண்ணு பார்த்துத்தானே முடிவு பண்ணோம்."

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அதுல நான் எத்தனாவது?"

"பார்த்த வரிசையில ரெண்டாவது. மொத்த மதிப்பெண்ல முதல்."

இதைவிட உயர்ந்த காதல் மொழி தன்னிடம் இல்லை என்று பேரின்பநாயகம் உண்மையாகவே நம்பினார். புஷ்பராணி அன்று அவருக்கு அப்பளம் வைக்கவில்லை.

மூன்றாவது விலைப்புள்ளியைக் கொண்டுவந்து நாட்டின் மானத்தைக் காப்பாற்றியவர் சுந்தரேசன். பேரின்பநாயகத்தோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று உட்லண்ட்ஸில் இருப்பவர். வீடு நிறைய மீன் வளர்ப்பவர்.

"கூலருக்குத்தானே குவோட்டேஷன் வேணும்? நாளைக்குக் கையில இருக்கும்" என்று ஃபோனில் சொன்னார். சொன்னபடியே வியாழக்கிழமை காலை வந்துவிட்டது. ஒரு வண்ணமீன் கடையின் முத்திரையோடு இருந்தது. வெயில் காலத்தில் மீன்தொட்டியின் விளிம்பில் மாட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற சின்ன விசிறி அது.

பிற்பகல் மூன்று மணிக்கு மதிப்பீடு தொடங்கியது. பேரின்பநாயகம் அலுவலகத்துக்காகத் தன் கையாலேயே வடிவமைத்த படிவத்தின் பிரதி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தார். விலையில் மீன்தொட்டி விசிறி முதலிடம். சத்தத்திலும் அதுவே முதலிடம். மீன்கள் மிரளக்கூடாது என்று செய்தது அல்லவா? உத்தரவாதம் இரண்டு வருடம். மேலும் தண்ணீர் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது. இந்தத் தகுதி மற்ற இரண்டுக்கும் அறவே இல்லை.

"அப்பா, அது மீனுக்குப்பா!"

"யாருக்குங்கிறது முக்கியமில்ல. கூலர்ங்கிறதுதான் முக்கியம்."

"கார்டுல அது பொருந்தவே பொருந்தாது!"

அவர் படிவத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்தார். விலை, சத்தம், உத்தரவாதம், நிறம், எடை, விற்பவரின் தொலைபேசி எண். எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. "பொருந்துமான்னு ஒரு கட்டமே இல்லையேம்மா" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மேனுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் கட்டம் இல்லாததால் குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒப்படைப்பு நிகழ்ச்சி. சுந்தரேசன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் விசிறியோடு வந்து இறங்கினார். புஷ்பராணியைக் காணோம். கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துப் பேரின்பநாயகம் மகளின் அறைக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. திறந்தார். மேசையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில், அதன் அளவுக்குத் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பின்னாலேயே வந்த சுந்தரேசனும் அந்தச் சதுரத்தை எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்னய்யா எழுதுறது?" என்று சுந்தரேசன் கேட்டார்.

பேரின்பநாயகம் தடுமாறவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்: 'குளிர்விக்கப்பட வேண்டிய பொருள் கூட்டத்துக்கு வரவில்லை. முன்னறிவிப்பும் தரவில்லை.' பிறகுதான் மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"நாங்க டாக்ஸி எடுத்து அன்வர் கடைக்கு வந்துட்டோம். மாட்டியாச்சு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு" என்றார் புஷ்பராணி.

"எதை மாட்டுனீங்க?"

"தடியானதை."

"எந்த முறைப்படி?"

"புள்ள அதைத்தான் கேட்டுச்சு."

பின்னாலிருந்து அன்வரின் குரல் கேட்டது: "அறுபத்தெட்டு டிகிரிதான் அக்கா! இனிமே பயமில்ல, லா!"

நாலு மணி இருபது நிமிடத்துக்கு, அன்வர் கடையிலிருந்தே படம் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. மீன்தொட்டி விசிறி சுந்தரேசனோடு உட்லண்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

பேரின்பநாயகம் மாலைவரை கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சோபாவிலேயே இருந்தார். மதியம் சாப்பிடவும் இல்லை. ஐந்து நாள் உழைப்பு. ஒரு கட்டம்கூட நிரப்பாமல் விடவில்லை. அப்படியும் தன்னைவிட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று அவருக்கு வலித்தது. எங்கே தவறியது என்று கோப்பை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். ஒரு தவறும் அகப்படவில்லை.

மேனுகா வீடு திரும்பியபோது கோபமாக இல்லை. சந்தோஷத்தில் இருக்கிற பிள்ளைகள் சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரை மேசையில் வைத்து வயர்களைச் சொருகிவிட்டு, "அப்பா, நீங்க இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லையே. வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

உணவங்காடியில் மேசை துடைக்கும் ஓர் அம்மாவுக்கும், மிச்சம் மீதியைத் திருட வரும் ஒரு மைனாவுக்கும் நடக்கும் சண்டைதான் படம். பேரின்பநாயகம் இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் அந்த அம்மா வேலைக்கு வராத ஒரு நாளில், மைனா எதையும் தொடாமல் மேசையில் காத்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கதவருகில் நின்ற புஷ்பராணி அதைப் பார்த்துவிட்டார்.

"எப்படிப்பா இருக்கு?"

ஸ்டூடியோ என்ன சொல்லும் என்பது அப்போது மேனுகாவுக்கு இரண்டாம்பட்சமாக இருந்தது. பேரின்பநாயகம் வாயைத் திறந்தார். சொல்லவேண்டிய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. புஷ்பராணி 'சொல்லுங்களேன்' என்பதுபோல் தலையை அசைத்தார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற ரெண்டு பேரோட படத்தையும் கொண்டா. பார்த்துட்டுச் சொல்றேன்."

இப்படிப்பட்ட நேர்மையாளரை இனி எங்கே பார்க்கப்போகிறோம்? முப்பத்தொரு வருடத்தில் அரசாங்கத்தின் ஒரு காசைக்கூட அவர் வீணாகச் செலவழித்தது கிடையாது. வீட்டிலும் அப்படியேதான் இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் மகளுக்கென்று ஒரு நல்ல வார்த்தையைக்கூடச் செலவழித்ததில்லை.