மூக்கையாவின் மூக்கு போன இடம்

ஒரு காட்டில் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. வெற்றி சிங்க ராஜாவுக்கு. எல்லையில் இருந்த கழுதைப்புலிகளை விரட்ட, மனிதர்கள் கல்குவாரியில் விட்டுப்போன ஏதோ ஒரு தூளைக் கொளுத்திப் புகை போடச் சொல்லியிருந்தார் ராஜா. நெருப்பை ஊதியது செந்நாய்ப் படை. கழுதைப்புலிகள் ஓடிவிட்டன. செந்நாய்களின் மோப்பமும் போய்விட்டது.

அந்தப் படையில் மூக்கையா என்றொரு செந்நாய் இருந்தது. எதிரில் கிடப்பது நல்ல இறைச்சியா அழுகலா என்று தெரியாமல் தின்று, இரண்டு முறை சாகக் கிடந்தது. ஒருநாள் இருட்டில் பக்கத்துக் குகைக்குள் போய்ப் படுத்துவிட்டது. அதற்கு அதன் மனைவி பேச்சி சொன்னதை இங்கே எழுத முடியாது.

"இன்னொரு தடவை அழுகலைத் தின்னா நீங்க பிழைக்க மாட்டீங்க" என்றது பேச்சி. "மூக்கு போன சிப்பாய்க்கு அரண்மனைக் கிடங்கிலேர்ந்து தினமும் புது இறைச்சி குடுக்குறாங்களாம். போய்க் கேளுங்க."

மூக்கையா அரண்மனை மருத்துவ அலுவலகத்தில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றது. முன்னாலும் பின்னாலும் அதே படையைச் சேர்ந்த செந்நாய்கள். மருத்துவ அதிகாரி ஒரு புனுகுப்பூனை. அது வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும் என்பார்கள். வரிசையில் யாருக்கும் தெரியவில்லை.

அதிகாரியின் மேசைமேல் மூன்று கறுப்புப் புட்டிகள். ஒன்றில் அந்தத் தூள், மற்ற இரண்டில் கடலை மாவு. மாதிரி கெடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொருவர் வரும்போதும் அதிகாரியே முதலில் மோந்து பார்க்க வேண்டும். பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். விதி அப்படி.

"உம்ம மூக்கைக் கெடுத்தது எந்தப் புட்டியில இருக்குன்னு மோந்து சொல்லும்."

"மோந்து பார்க்க முடியலைன்னுதானே மேடம் வந்திருக்கேன்."

"சொல்லலைன்னா இதாலதான் போச்சுன்னு நான் எப்படி எழுதுறது? சளி பிடிச்சிருக்கலாம்."

'காரணம் நிரூபிக்கப்படவில்லை' என்று முத்திரை விழுந்தது.

அடுத்த முறை பேச்சியும் கூட வந்தது. அதற்கு மூக்கு நன்றாக இருந்தது. வாசலிலிருந்தே மோந்து, நடுப் புட்டி என்று கணவன் காதில் சொன்னது.

"நடுப் புட்டி, மேடம்."

"சரியாச் சொல்லிட்டீரே! மூக்கு நல்லா வேலை செய்யுது. அடுத்த ஆள்."

வெளியே வந்ததும் பேச்சி கேட்டது: "அப்ப எதைத்தான் சொல்லணுமாம்?"

"அதையும் கேட்டேன். அதுக்கு வேற வரிசையாம்."

மூன்றாம் முறை போனபோது, அதிகாரி வழக்கம்போல் நடுப் புட்டியை மோந்தது. பிறகு இடது புட்டியை. பிறகு வலது. திரும்பவும் நடுப் புட்டி. சட்டென்று திரும்பித் தன் வாலடியை மோந்து பார்த்தது.

"மூக்கையா, என்கிட்டேர்ந்து வாசனை வருதா?"

"என்னைக் கேட்டா எப்படி மேடம்?"

"மூணு மலைக்கு வருது" என்றது வாசலில் நின்ற பேச்சி.

அதிகாரி அப்போதே உட்கார்ந்து தனக்கு ஒரு விண்ணப்பம் எழுதியது. ஊழியர்களுக்குப் புட்டிச் சோதனை கிடையாது. விஷம் அலுவலகத்திலேயே இருக்கிறது, மோந்ததற்குப் பதிவேடு இருக்கிறது. மதியத்துக்குள், வேலையிலிருந்து ஓய்வு, தினமும் புது இறைச்சி என்று ஆணை வந்துவிட்டது.

"எனக்கு, மேடம்?" என்றது மூக்கையா.

"நீங்க புகை போட்ட இடத்துல வருகைப் பதிவேடு இருந்துச்சா?"

"நெருப்புதான் இருந்துச்சு."

"அதான் சிக்கல்." புனுகுப்பூனை தன் நாற்காலியைப் பார்த்தது. அதற்கும் கொஞ்சம் மனசு இருந்தது. "இந்த இடம் காலியாகுது. வேலை ஒண்ணும் பெரிசில்ல, புட்டியை மோந்து எழுதணும். மோப்பம் தெரிஞ்சிருக்கணும்னு தகுதியில போடலை. நாளைக்கு வந்து சேர்ந்துக்கும்."

மறுநாள் காலை மூக்கையா கையெழுத்துப் போட்டது. எதுவும் தெரியாத மூக்கைப் புட்டிக்குள் விட்டது. மோந்ததாகப் பதிவேட்டில் எழுதியது. மூக்கு போய்விட்டது என்று விண்ணப்பமும் எழுதியது. சாயங்காலம் இறைச்சி வீட்டுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் நாற்காலியில் வரிசையின் அடுத்த செந்நாய் உட்கார்ந்தது. அதற்கடுத்த நாள் அதற்கடுத்தது. அந்த அலுவலகத்தில் வரிசை நகர்ந்ததை ஜனங்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

பேச்சி ஆணையை வாங்கிப் படித்தது.

"நாற்காலியில உட்கார்ந்து மூக்கு போச்சுன்னு போட்டிருக்கு. போர்னு ஒரு வார்த்தைகூட இல்லையே. பிள்ளைங்க கேட்டா என்னங்க சொல்றது?"

மூக்கையா வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னது:

"இறைச்சி புதுசுன்னு சொல்லு."

நீதி: நாட்டுக்காக எதையாவது இழப்பதென்று முடிவு செய்துவிட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலக நேரத்தில் இழக்கவும்.