மகரந்தத்தை விழுங்கியவன் எழுதுவது

அன்பும் மதிப்பும் நிறைந்த தெக்லா அக்காவுக்கு,

தம்பி ஹில்டிங் எழுதிக்கொள்வது. நீயும் ரூனே அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பிர்ச் மரம் பூக்கும் மே மாதத்தில், அதன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் தும்மித் தவிக்கும் என் பாடு உனக்குத் தெரியும். ஜன்னலைத் திறக்க விடமாட்டேன், துவைத்த போர்வையை வெளியே உலர்த்த விடமாட்டேன், பேப்பரில் மகரந்த அறிக்கையைப் பார்க்காமல் காபியைத் தொடமாட்டேன். நேற்றுக் காலையும் அப்படித்தான், "சோல்வெய்க், இன்னிக்கு பிர்ச் மிக அதிகம்னு போட்டிருக்கான், கதவை இறுக்கிச் சாத்து" என்றேன். என் வீட்டுக்காரி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "வெளிய இருக்கறதைவிட உன் வயித்துலதான் அதிகம்" என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மாத்திரைக் குப்பியையும், படித்துப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடியையும் என் முன்னால் வைத்தாள். ராத்திரியில் சிறுநீர் கழிக்க ஓயாமல் கழிவறைக்கு ஓடுகிறானே என்று இரக்கப்பட்டு நீ அனுப்பிய மாத்திரை, அக்கா! இயற்கை மருந்து என்றுதானே எழுதியிருந்தாய்? குப்பியில் பொடி எழுத்தில் பூ மகரந்தச் சாறு என்று அச்சடித்திருக்கிறது. இத்தனை மாதமாக என் எதிரியை நானே தண்ணீர் ஊற்றி உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

குப்பியை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். மருத்துவ ஆலோசனைக்குப் போன் போட்டால், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நான் கேட்கும் கடைசிப் பாட்டு இதுதான் என்று அழுகையே வந்துவிட்டது. ஒருவழியாக நர்ஸ் லைனில் வந்தாள்.

"மூச்சு விட முடியுதா?"

"இதுவரைக்கும் முடியுது."

"முகம் வீங்கியிருக்கா?"

"சோல்வெய்க், என் முகம் வீங்கியிருக்கா?"

"எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள் இவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"மாத்திரையை எப்ப சாப்பிட்டீங்க?"

"ஜனவரியிலேர்ந்து."

அவள் மாதங்களை எண்ணுவது காதில் விழுந்தது. "இவ்வளவு நாளா அது ஒண்ணும் பண்ணலையா?"

"இனிமேதான் பண்ணப்போகுதும்மா!"

எதற்கும் டாக்டரைப் பாருங்கள் என்று வைத்துவிட்டாள். அவருக்கு அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறதாம். அதுவரை நான் இருக்க வேண்டாமா? தும்மல் வந்தால் வந்துவிட்டதே என்று பயம், வராவிட்டால் உள்ளேயே சேர்கிறதே என்று பயம். இன்று ஒரு தேனீ ஜன்னல் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு நகர மறுத்தது. "வாசனை பிடிச்சு வந்திருக்கு" என்று சோல்வெய்க் சிரிக்கிறாள். நான் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் படகு ரூனே அத்தானுக்கு. சவப்பெட்டியின் மேல் தயவுசெய்து பூ மட்டும் வைத்துவிடாதீர்கள். உன்மேல் எனக்குக் கோபமில்லை, நீ நல்லெண்ணத்தில்தான் என்னைக் கொன்றாய். உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும்.

இதுவரை உயிரோடிருக்கும் தம்பி,
ஹில்டிங்

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. காலைக் காபி முடித்து எழுத உட்கார்ந்தேன், இப்போது சோல்வெய்க் மதியம் சாப்பிடக் கூப்பிடுகிறாள், நடுவில் ஒருமுறைகூடக் கழிவறைக்கு எழுந்து ஓடவில்லை. யோசித்துப் பார்த்தால் ராத்திரியிலும் இப்போதெல்லாம் விடியும்வரை தூங்குகிறேன். படகு விஷயத்தை அத்தானிடம் சொல்லிவிடாதே. டாக்டர் இந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று உதறலாக இருக்கிறது. குப்பியை ஆட்டினால் அடியில் இரண்டு மூன்றுதான் உருளுகிறது, அக்கா, அடுத்த குப்பியைச் சீக்கிரம் அனுப்பு.