ஒரு படகு பல படகான வரலாறு

படகு கட்டியவர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் தொடக்க விழாத் தேதியை முதலில் முடிவுகட்டி, அதற்குள் படகைக் கட்டிய பெருமை வெள்ள மீட்புத் துறையின் உதவிப் பொறியாளர் ஒருவரையே சேரும்.

ஃபோமைப் படகு வடிவில் செதுக்கி வைத்தாயிற்று. அதன்மேல் ஃபைபர் துணியை விரித்து, எபாக்சி பிசினைத் தடவி, ரோலரால் காற்றுக் குமிழிகளை விரட்டி, இறுகியதும் அடுத்த துணியைப் போட வேண்டும். அப்படி நாலு அடுக்கு. முதல் அடுக்கு முடிந்தபோதே தேதி நெருங்கிவிட்டது. இயக்குநர் ‘அவசர ஆலோசனை’க்கு அழைத்தார்.

“நாலு அடுக்கு இருக்கான்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“தெரியாது சார். ஆனா அடி தாங்கணும்.”

“அதை விடுங்க. என்ன கலர்?”

நிறம் குறித்து ஆழ்ந்த விவாதம் நடந்தது. ஆரஞ்சு ஏகமனதாக நிறைவேறியது. மீதி மூன்று அடுக்குகள் ‘நேரமின்மையால்’ கைவிடப்பட்டன. பொறியாளரின் பதவி உயர்வுக் கோப்பு இயக்குநர் மேசையில் கிடந்தது. எனவே பொறியாளர் தலையாட்டினார், முற்றிலும் தொழில்நுட்ப ரீதியாக.

அந்தப் படகை ஓட்டப்போகிறவர் பொறியாளரின் தங்கை கணவர். பட்டறைக்கு வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“மச்சான், அமுங்குதே.”

“துறை மேல நம்பிக்கை வைங்க மாப்பிள்ளை.”

“துறை கரையில நிக்கும். உங்க தங்கச்சி புருஷன்தான் தண்ணிக்குள்ள நிப்பான்.”

பொறியாளருக்குச் சுருக்கென்றது. ஆனால் பெயிண்ட் அடிக்கிற வேலை காத்திருந்தது.

விழா சிறப்பாக நடந்தது. பிறகு, யாரையும் கேட்காமல் வெள்ளமும் வந்தது. கூரைமேல் தவித்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகு, நீருக்குள் மறைந்திருந்த மதிலில் மோதியது. ஆரஞ்சுத் தோல் உரிந்தது. ஃபோம் துண்டு துண்டாகப் பிளந்தது. ஆளுக்கொரு துண்டைக் கட்டிக்கொண்டு மிதந்தார்கள். கரையில் பொறியாளர் வாய்க்குள்ளேயே தலைகளை எண்ணினார். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போயிற்று. மாப்பிள்ளை கடைசியாக, உடைந்த கையோடு கரையேறியபோது பொறியாளர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

துறையின் அறிக்கை மறுநாளே வெளிவந்தது: ‘ஆபத்தில் தானே பிரிந்து, பல மிதவைகளாகப் பெருகும் புதுமைப் படகு.’

“சார், அது உடைஞ்சுபோச்சு,” என்றார் பொறியாளர்.

“உடையலை. விரிவடைஞ்சிருக்கு. உங்க பேரை விருதுக்குச் சொல்லியிருக்கேன்.”

பொறியாளர் மறுபடியும் தலையாட்டினார்.

விருது கிடைத்தது. கூடவே பதவி உயர்வும் வந்தது. அந்தச் செய்தியோடு தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“எந்தப் பிரிவுல போட்டிருக்காங்க மச்சான்?”

“பாலங்கள்.”

மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எந்த ஆத்துல கட்டுறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. கை சரியானதும் நாங்க நீந்தியே போய்க்கிறோம்.”