கீர்த்தனாவுக்கு அமெரிக்கா கிடைக்குமா?

குடும்பத்தில் ஒருவன் மட்டும் கெம்பஸுக்குப் போய்விட்டால், உலகத்திலுள்ள எல்லா கெம்பஸையும் பற்றி அவனுக்குத் தெரியும் என்று மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். அதைவிட மோசம், கொஞ்ச நாளில் அவனும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறான். மாத்தளை டவுனில் எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவன் நான். (பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தொட்டு, கடைசியாகக் கூப்பிட்ட ஆட்களோடுதான் உள்ளே போனேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கலேவெலயிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். என் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். அங்கே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகள் கீர்த்தனா கெம்பஸுக்குப் போவதற்கான ஏ.எல். பரீட்சையை நன்றாகச் செய்திருந்தாள். இங்கேயே இன்ஜினியரிங் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரத்தில், அமெரிக்காவில் ஒரு காலேஜுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாளாம். கதவைத் தட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புவதற்கே பேர்போன இடம். செலவு முழுவதையும் அவர்களே கொடுத்தால்தான் அவளால் போகவும் முடியும்.

"தம்பி, நீங்க வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் சித்தப்பா. வழக்கமாக என்னை 'நீ, வா, போ' என்பவர் அன்றைக்கு 'நீங்க'வுக்கு ஏறியிருந்தார். "சான்ஸ் இருக்குன்னா விண்ணப்பத்துல கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. பிள்ளை ஆசைப்பட்டு ஏமாந்து அழுதாள்னா என்னால பார்க்க ஏலாது."

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த 'நீங்க' என்னைக் கெடுத்தது. "வாரேன் சித்தப்பா, பார்ப்போம்," என்றேன், டொக்டர் மாதிரி.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதைப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. போனில் தேடியபோது, பெரிய காலேஜுகளில் இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்லும் தளம் ஒன்று கிடைத்தது. புள்ளி, விளையாட்டு, சங்கீதம் என்று சில கேள்விகள் கேட்கும். பதில் போட்டால், வாகன மீட்டரில் இருப்பது போன்ற ஒரு முள் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் ஆடி ஓரிடத்தில் நிற்கும். ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எப்படி ஒரு முள்ளுக்குள் அடக்கினார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நாவுலயில் பஸ் நின்றபோது என்னுடைய விபரங்களைப் போட்டுப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. (நெட் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.)

சித்தி எனக்காகக் கோழி சமைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் போனை மேசையில் வைத்து, "இஸட் ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்டேன்.

கீர்த்தனா சொன்னாள். இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கெம்பஸுக்கு ஆள் எடுக்க நம் ஊரில் பார்ப்பது அதைத்தான்; இரண்டுக்குக் கிட்ட என்றால் தலை நிமிர்ந்து நடக்கலாம். தளத்தில் புள்ளி கேட்டிருந்த கட்டத்தில் அதைத் தட்டினேன். முள் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு, சிவப்பின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கஷ்டம் சித்தப்பா," என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரொம்பக் கஷ்டம்."

சித்தி தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். கீர்த்தனா மட்டும், "பார்க்கலாமா அண்ணா?" என்று போனை வாங்கினாள்.

"இது நாலுக்கு எத்தனைன்னு கேட்குது அண்ணா. அவங்க ஊரு ஸ்கூல் புள்ளி. நீங்க இஸட் ஸ்கோரைப் போட்டிருக்கீங்க."

அதாவது, நான் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைப் பாதிப் புள்ளிகூட எடுக்காத மக்காக்கி அமெரிக்காவுக்குக் காட்டியிருந்தேன். அவசரமாக அதை அழித்துவிட்டு, நாலுக்கு நாலு என்று போட்டேன். முள் எழுந்து பச்சைக்கு ஓடியது.

"போறாளா?" என்று கேட்டார் சித்தப்பா.

"போகலாம் போலத்தான்."

அந்தப் 'போல' அவர் காதில் விழவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முதலில் மாத்தளைக்கு என் அம்மாவுக்கு, பிறகு கண்டியிலுள்ள தன் அண்ணனுக்கு, பிறகு மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு குமாரி அக்காவுக்கு, சிங்களத்தில் சொன்னார்.

நானாவது அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த முள் எதற்கெல்லாம் ஆடும் என்று பார்க்கிற ஆசை என்னை விடவில்லை. விளையாட்டு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன்.

"போன புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில கயிறு இழுத்தா," என்றார் சித்தி.

போட்டேன். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. சங்கீதத்துக்கு, அவள் சின்ன வயதில் பாதியில் விட்ட வயலின் வகுப்பைப் போட்டேன். இன்னும் ஏறியது. குமாரி அக்கா ஒரு தட்டு நிறையப் பால்சோறும் லுணுமிரிஸ் சம்பலும் கொண்டுவந்து, கீர்த்தனாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

கீர்த்தனா என் காதருகே, "கீழே இன்னொரு கேள்வி இருக்கு அண்ணா," என்றாள்.

வெளிநாட்டுப் பிள்ளையா, செலவுக்கு முழு உதவி வேண்டுமா என்று கேட்டிருந்தது. இரண்டுக்கும் ஆம் போட்டாள். முள் வந்த வேகத்திலேயே சிவப்புக்குத் திரும்பியது. சித்தப்பா வாசலிலிருந்து சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"உனக்கு என்னதான்டா தெரியும்?"

'நீ'க்கு இறங்கிவிட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதற்குப் பிறகுதான் வந்தது. "எனக்குத் தெரியாது சித்தப்பா."

"யாருக்கும் தெரியாதுப்பா," என்றாள் கீர்த்தனா. "அனுப்பினாத்தான் தெரியும். இல்லைன்னு வந்தா அழுவேன். அழுதிட்டு இன்ஜினியரிங் படிப்பேன்."

சித்தப்பாவின் போன் அடித்தது. வாழ்த்துச் சொல்ல யாரோ. அவர் அதை எடுக்காமல் உட்கார்ந்து, ஒரு துண்டு பால்சோற்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கையெழுத்து எங்க போடணும்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். இனி அனுப்பாம விட்டாத்தான் வெட்கம்."

அந்தக் காலேஜ் அவளை எடுக்கவில்லை. சொன்னது போலவே அழுதாள், ஒரு நாள் முழுக்க. ஆனால் கையோடு கையாக இன்னொரு காலேஜுக்கும் அனுப்பியிருந்தாள். அதுவும் லேசில் ஆள் எடுக்கிற இடமில்லை. அவர்கள் வீடியோவில் நேர்முகம் வைத்தபோது, வாழ்க்கையில் நீ தாண்டி வந்த பெரிய தடை எது என்று கேட்டார்களாம். யானை, வறட்சி, பஸ் இல்லாத பாதை என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள். இவள், "எங்க பெரியம்மா மகன்," என்று தொடங்கி முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்ட பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். அதனால்தான் இடம் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. (இப்போதெல்லாம் நான் எதையும் கணிப்பதில்லை.) முழுச் செலவும் கொடுத்து எடுத்தார்கள். அங்கேதான் படிக்கிறாள்.

போன மாதம் எனக்குப் பெண் பார்க்க நாவுலக்குப் போனோம். பெண்ணின் அப்பா, தம்பி யார், என்ன செய்கிறார் என்று மரியாதையாக விசாரித்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்.

"இவருதாங்க எங்க கீர்த்தனா தாண்டிப் போன தடை."

அது ஏதோ அரசாங்க உத்தியோகம் என்று பெண்ணின் அப்பா நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார்.