குமிழி விட்ட சிவப்புக் கல்

ஈரத்துணியால் துடைத்ததுதான் தப்பு. இரண்டு கற்களின் சீட்டுகளும் உரிந்து கையோடு வந்துவிட்டன. சிவப்பு மையில் ‘சிடரைட்’, நீல மையில் ‘லேட்டரைட்’.

ஆய்வக உதவியாளன் கடிகாரத்தைப் பார்த்தான். எதையும் எழுதி வைப்பதால் ‘டைரி’ என்று அவனுக்குப் பட்டப்பெயர். ஆறு மணிக்கு மாலை வகுப்பின் செய்முறைத் தேர்வு. “இன்னொரு தடவை எதையாவது கலைச்சீன்னா, திரும்ப ஸ்டோர் ரூமுக்குத்தான் போவ” என்று சார் எச்சரித்திருந்தார். அவர் கணக்கு வாத்தியார். ஆள் இல்லாததால் இந்த நிலவியல் பாடமும் அவர் தலையில்.

டைரியின் டைரியில் விடை இருந்தது. ‘சிவப்பு, முழுக்கத் துளை: சிடரைட். பழுப்பு, கனம்: லேட்டரைட்.’ சேர்ந்த அன்று சீட்டைப் பார்த்து எழுதியது. அப்படியே ஒட்டியிருக்கலாம். ஆனால் தன் கையெழுத்தையே அவன் நம்பியதில்லை.

புத்தகத்தைப் புரட்டினான். சிடரைட் கார்பனேட் கனிமம், அமிலத்தில் நுரைக்கும். லேட்டரைட் வெப்பநாட்டு மண் இறுகியது, நுரைக்காது.

இரண்டையும் நீர்த்த அமிலத்தில் போட்டான். சிவப்பு குபுகுபுவென்று குமிழி விட்டது. பழுப்பு கம்மென்று கிடந்தது.

“அப்பாடா. எழுதினது சரிதான்.”

தரை துடைக்க வந்த அக்கா எட்டிப் பார்த்தார். “ஓட்டை இருந்தா காத்து வராதா தம்பி? பஞ்சைத் தண்ணியில முக்கினாலும் இப்படித்தான் வரும்.”

சிவப்பில் ஒரு சில்லு உடைத்து வெறும் தண்ணீரில் போட்டான். அதிலும் குமிழி. போதாததற்கு இப்போது கல்லும் மூளி.

புத்தகத்தின் அடிக்குறிப்பை அப்போதுதான் பார்த்தான்: சிடரைட் சூடான அமிலத்தில்தான் நன்றாக நுரைக்கும். பழுப்பை அமிலத்தோடு சூடாக்கினான். நுரை பொங்கி வழிந்து, டைரியில் அந்தப் பக்கத்தையே கரைத்தது.

சார் வாசலில் நின்றார். “என்னய்யா இது?”

“பழுப்புதான் சார் சிடரைட்.”

“வருஷம் முழுக்க நான் சிவப்பைக் காட்டித்தானே நடத்தினேன்? அப்ப நான் முட்டாளா?”

“நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன் சார். கல்லுதான் வேற சொல்லுது.”

“ஸ்டோர் ரூம் சாவியை எடு.”

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “தம்பியை ஏன் சார் விரட்டுறீங்க? போன வருஷம் இந்தச் சீட்டு உரிஞ்சப்ப நான்தான் ஒட்டினேன். சிவப்புக் கல்லுக்குச் சிவப்பு மை எடுப்பா இருந்துச்சு.”