அலமாரியில் பதினோரு பாட்டில்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் மகளும், பிறந்து இருபது நாளான பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

தைராய்டுக் கட்டிக்காகக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுத்து, என்னை மருத்துவமனையில் தனி அறையில் போட்டது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் யாரும் கிட்டே வரவில்லை. சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டு நர்ஸம்மா ஓட்டம் பிடித்தார். என் கவலை ஒன்றுதான்: இது உடம்பை விட்டு எப்போது போகும், பேத்தியை எப்போது தூக்குவேன்? ஆனால் மாப்பிள்ளை, இந்த உடம்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். கழுத்துச் சுரப்பி தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் ராப்பகல் பார்க்காமல் பிரித்து வெளியே அனுப்புகிறது. வியர்வையும் எச்சிலும் தங்களால் ஆனதைச் செய்கின்றன. பெரும்பகுதி இரண்டு மூன்று நாளில் காலி. உள்ளே தங்கியதும் எட்டு நாளுக்கொரு முறை தானாகவே பாதியாகிவிடுமாம். யாரும் உத்தரவு போடவில்லை, மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. நான் செய்ததெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததுதான்.

மூன்றாம் நாள் அளவுக் கருவியோடு ஒரு பெண் வந்தார். என்னை அளந்தால் நன்றாகக் குறைந்திருக்கிறது, அறையை அளந்தால் கருவி கத்துகிறது. கத்தின திசையில் போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே பதினோரு பாட்டில், ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் எழுதி ஒட்டியிருந்தேன். முப்பது வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டியவன், முடிவு வருவதற்குள் சிறுநீர் மாதிரியைக் கொட்டிவிடுவேனா? பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினால் எதைக் காட்டுவது?

அந்தப் பெண் கோபப்படவில்லை. “ஐயா, உங்க உடம்பு கஷ்டப்பட்டு வெளியே தள்ளினதை நீங்களே சேத்து வெச்சா, அது பாவம் என்ன பண்ணும்?” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பேத்தியைத் தூக்க இன்னும் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பேன். உடம்பே இவ்வளவு நிதானமாக வேலை பார்க்கும்போது எனக்கென்ன அவசரம்? குழந்தை நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், பேத்தி கொட்டாவி விடுவதை மகள் ஃபோனில் காட்டினாள். சிறுநீரகத்தைப் புகழ்ந்து மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன், சுத்தச் சோம்பேறி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நிற்பேன். ஜன்னலில் அவளைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், மாப்பிள்ளை. தெருவைத் தாண்ட மாட்டேன்.